எல்லோரும் விற்றபோது வாங்கியவர்: மைக்கேல் ஹாசன்ஸ்டாப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடன்பத்திர முதலீட்டில் எதிர்நீச்சல் அடித்தவர்கள் என்று ஒரு பட்டியல் போட்டால் மைக்கேல் ஹாசன்ஸ்டாப் பெயர் அதில் நிச்சயம் இருக்கும். பல நாடுகளின் கடன்பத்திரங்களை வாங்கும் டெம்பிள்டன் குளோபல் பாண்ட் ஃபண்டை நடத்திய அமெரிக்கர். அவர் வென்ற கதையை மட்டும் சொல்பவர்கள் உண்டு, தோற்ற கதையை மட்டும் சொல்பவர்களும் உண்டு. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் நமக்குப் பயன் என்பது என் உறுதியான கருத்து.

ஹாசன்ஸ்டாப் யார்? இந்தத் துறைக்கு எப்படி வந்தார்?

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திலுள்ள கார்ல்டன் கல்லூரியில் படித்தவர். 1995இல் ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் நிறுவனத்தில் சேர்ந்தார். பிறகு விடுப்பு எடுத்துக்கொண்டு ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் பெற்று, 2001இல் அதே நிறுவனத்துக்குத் திரும்பினார். அந்தப் படிப்பின் காலத்தைக் கவனியுங்கள். 1997இல் தாய்லாந்தில் தொடங்கி இந்தோனேசியா, தென் கொரியா வரை பரவிய ஆசிய நிதி நெருக்கடியும் அதிலிருந்து அந்த நாடுகள் மீண்டதும் அதே ஆண்டுகளில்தான் நடந்தன. வால் ஸ்ட்ரீட் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஆசியா என்றால் ஓடிவிட வேண்டிய இடம் என்ற நினைவுதான் எஞ்சியது. அந்தப் பிராந்தியத்தைப் பாடமாகப் படித்தவருக்கு, வீழ்ந்த நாடுகள் மீண்டும் எழும், கடனையும் அடைக்கும் என்ற புரிதல் கிடைத்திருக்கும். பிற்காலத்தில் அவர் கொரியா, இந்தோனேசியா, மலேசியா பத்திரங்களில் பெருமளவு முதலீடு செய்தது இதன் தொடர்ச்சி என்றே நினைக்கிறேன்.

2008 நெருக்கடியில் உலகெங்கும் ஃபண்டுகள் சரிந்தபோது அவருடைய ஃபண்டு ஆதாயத்தோடு ஆண்டை முடித்தது. ஃபண்டுகளை மதிப்பிடும் மார்னிங்ஸ்டார் நிறுவனம் 2010ஆம் ஆண்டின் சிறந்த கடன்பத்திர ஃபண்ட் மேலாளராக அவரைத் தேர்ந்தெடுத்தது. அதன்பின் பணம் வெள்ளமாக வந்தது. உச்சத்தில் அந்த ஒரு ஃபண்டில் மட்டும் 7,000 கோடி டாலருக்கு மேல் இருந்தது.

கடன்பத்திரத்தில் எதிர்நீச்சல் என்றால் என்ன? பங்குச் சந்தையில் செய்வதும் இதுவும் ஒன்றா?

ஒன்றல்ல. இதைப் புரிந்துகொள்ளாமல் மேலே போகக்கூடாது.

டெம்பிள்டன் நிறுவனத்துக்குப் பெயர் தந்த ஜான் டெம்பிள்டன் 1939இல், உலகப் போர் தொடங்கிய நேரத்தில், 10,000 டாலர் கடன் வாங்கி, ஒரு டாலருக்கும் கீழே விற்ற 104 நிறுவனங்களின் பங்குகளை வாங்கினார். அவற்றில் 34 நிறுவனங்கள் அப்போதே திவால் நிலையில் இருந்தன. ஆனாலும் சில ஆண்டுகளில் பணம் பல மடங்கானது. பங்கில் இது முடியும். சில பங்குகள் பூஜ்யமானாலும் வேறு சில பத்து மடங்கு ஏறி எல்லாவற்றையும் ஈடுகட்டிவிடும்.

கடன்பத்திரத்தில் அந்தப் பத்து மடங்கு கிடையாது. பத்தாண்டுப் பத்திரம் ஒன்று, முகமதிப்பு, அதாவது முடிவில் திரும்ப வரும் தொகை, 100, ஆண்டு வட்டி 5 என்று வைத்துக்கொள்வோம். அந்த நாட்டின்மேல் நம்பிக்கை போய், வாங்குபவர்கள் 14% யீல்டு, அதாவது வருவாய் விகிதம், கேட்கிறார்கள் என்றால் அந்தப் பத்திரத்தின் விலை சுமார் 53க்கு இறங்கிவிடும். நீங்கள் 53க்கு வாங்குகிறீர்கள். நாடு தேறி, யீல்டு மீண்டும் 5%க்கு வந்தால் விலை 100 ஆகும். ஏறக்குறைய இரட்டிப்பு, வட்டி தனி. அருமையான லாபம்தான். ஆனால் அதற்கு மேல் பெரிதாக ஏற வழியில்லை. கடன் வாங்கியவர் எவ்வளவு செழித்தாலும் உங்களுக்குத் தர வேண்டியது 100 மட்டுமே. மறுபக்கம், நாடு கைவிரித்தால் 53 என்பது 30 ஆகலாம், 20 ஆகலாம்.

எனவே பங்கு வாங்குபவர் இந்த நிறுவனம் எவ்வளவு வளரும் என்று கேட்க, பத்திரம் வாங்குபவர் கொடுத்த பணம் திரும்ப வருமா என்று கேட்கிறார். விலை மலிவாக இருக்கிறது என்பது அந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது.

அயர்லாந்தில் அவர் செய்தது என்ன? ஏன் அதை இன்றும் பேசுகிறார்கள்?

2007இல் அயர்லாந்து அரசின் கடன் அதன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் நான்கில் ஒரு பங்குதான். ஐரோப்பாவின் மிகக் கட்டுப்பாடான அரசுகளில் ஒன்றாக அது எண்ணப்பட்டது. பிறகு வீட்டுமனை விலை வீக்கம் வெடித்தது. ஆங்கிலோ ஐரிஷ் உள்ளிட்ட வங்கிகள் வீழ்ந்தன. 2008 செப்டம்பர் இறுதியில் அரசு, வங்கிகளின் கடன்களுக்குத் தானே உத்தரவாதம் கொடுத்தது. வங்கிகளைத் தூக்கி நிறுத்த ஆன செலவு சுமார் 6,400 கோடி யூரோ. 2010இல் மட்டும் அரசின் வரவு செலவுப் பற்றாக்குறை உள்நாட்டு உற்பத்தியில் 32%ஐத் தொட்டது. அந்த நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியமும் பன்னாட்டு நாணய நிதியமும் சேர்ந்து 8,500 கோடி யூரோ மீட்புத் திட்டத்தை அறிவித்தன. அதில் ஒரு பகுதி அயர்லாந்தின் சொந்த ஓய்வூதியச் சேமிப்பிலிருந்தே எடுக்கப்பட்டது.

2011 ஜூலையில், கடன் தரத்தை மதிப்பிடும் மூடிஸ் நிறுவனம் அயர்லாந்தின் தரமதிப்பீட்டை முதலீட்டுக்கு உகந்த நிலைக்குக் கீழே இறக்கியது. பத்தாண்டுப் பத்திரத்தின் யீல்டு 14%ஐ எட்டியது. பல நிறுவனங்களின் உள்விதிகளே இந்தத் தரத்தில் உள்ள பத்திரங்களை வைத்திருக்க அனுமதிப்பதில்லை. எனவே விற்றவர்களில் பலர் யோசித்து விற்கவில்லை, விற்க வேண்டிய கட்டாயத்தில் விற்றார்கள். எதிர்நீச்சல் முதலீட்டாளருக்கு இது மிகப் பெரிய செய்தி. கட்டாயத்தில் விற்பவர் கொடுக்கும் விலையில் நாட்டின் உண்மையான நிலை தெரியாது.

ஹாசன்ஸ்டாப் அந்த நேரத்தில் வாங்கினார், வாங்கிக்கொண்டே போனார். ஒரு கட்டத்தில் ஐரிஷ் அரசுப் பத்திரங்களில் சுமார் பத்தில் ஒரு பங்கு டெம்பிள்டன் கையில் இருந்தது.

அவர் பார்த்தது என்ன? கடன் வங்கிகளிடமிருந்து வந்தது. அரசின் நிரந்தர ஊதாரித்தனத்திலிருந்து வரவில்லை. மருந்து, மென்பொருள் ஏற்றுமதி உயிரோடு இருந்தது. ஊதியங்கள் இறங்கி நாடு மீண்டும் போட்டியிடும் நிலைக்கு வந்துகொண்டிருந்தது. இவையெல்லாம் எண்களில் தெரிபவை, வேறு பலரும் பார்த்திருக்க முடியும். என்னைக் கவர்வது அந்த எண்களுக்கு வெளியே உள்ள ஒன்று. 2011 பிப்ரவரியில் அயர்லாந்தில் தேர்தல் நடந்தது. பல தலைமுறைகளாக அந்நாட்டின் பெரிய கட்சியாக இருந்த ஃபியன்னா ஃபாயில் படுதோல்வி அடைந்தது. எண்டா கென்னி தலைமையில் புதிய கூட்டணி ஆட்சிக்கு வந்தது. வந்தவர்கள் மீட்புத் திட்டத்தின் வட்டியைக் குறைக்கப் போராடினார்கள். ஆனால் அரசுப் பத்திரங்களுக்குப் பணம் தரமாட்டோம் என்று சொல்லவில்லை. சிக்கன நடவடிக்கைகளைத் தொடர்ந்தார்கள். ஆட்சி மாறியது, கடனை அடைக்கும் எண்ணம் மாறவில்லை. அதாவது ஹாசன்ஸ்டாப் பெரிதாக வாங்கிய நேரத்தில் அந்த நாடு மிகக் கடினமான அரசியல் சோதனையை ஏற்கெனவே கடந்துவிட்டிருந்தது.

2012 ஜூலையில் அயர்லாந்து நீண்டகாலப் பத்திரச் சந்தைக்குத் திரும்பியது. அதே மாதம் ஐரோப்பிய மத்திய வங்கித் தலைவர் மரியோ திராகி, யூரோவைக் காக்க எதையும் செய்வோம் என்று லண்டனில் அறிவித்தார். 2013 டிசம்பரில் நாடு மீட்புத் திட்டத்திலிருந்து வெளியேறியது. 2014இல் பத்தாண்டு யீல்டு 2%க்கும் கீழே போனது.

வாங்கியவுடன் லாபம் வந்துவிட்டதா?

இல்லை. 2011ஆம் ஆண்டை அவருடைய ஃபண்டு நஷ்டத்தில் முடித்தது. ஆண்டின் பிற்பகுதியில் யூரோ நெருக்கடி மோசமாகி, வளரும் நாடுகளின் நாணயங்களும் சரிந்தன. முதலீட்டாளர்கள் பணத்தைத் திரும்ப எடுத்தார்கள். அப்போது வெளியேறியவர்கள் அடுத்த ஆண்டின் சுமார் 16% வருவாயைத் தவறவிட்டார்கள்.

இங்கே ஃபண்ட் மேலாளரின் பொறுமை மட்டும் போதாது. அவரிடம் பணம் கொடுத்தவர்களின் பொறுமையும் சேர்ந்ததுதான் அவருடைய உண்மையான பலம். எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற பணத்தை வைத்துக்கொண்டு மூன்றாண்டு காத்திருக்க வேண்டிய முதலீட்டைச் செய்வது இயல்பாகவே முரண்பாடு. 2011இல் அந்த முரண்பாடு வெடிக்கவில்லை, அவ்வளவே.

ஹங்கேரியும் இப்படித்தானா?

ஏறக்குறைய. அங்கே குடும்பங்கள் சுவிஸ் ஃபிராங்க்கில் வீட்டுக்கடன் வாங்கியிருந்தன. ஃபிராங்க் ஏற ஏறத் தவணை எகிறியது. விக்டர் ஓர்பான் அரசு பன்னாட்டு நாணய நிதியத்தோடு முரண்டு பிடித்தது. 2011 நவம்பரில் மூடிஸ் அந்நாட்டின் மதிப்பீட்டையும் இறக்கியது. 2012 ஜனவரியில் யீல்டு 10%ஐத் தாண்டியது. டெம்பிள்டன் வாங்கிக் குவித்து அந்நாட்டின் அரசுக்குக் கடன் கொடுத்தவர்களில் மிகப் பெரியவற்றுள் ஒன்றானது. பிறகு யீல்டு பாதிக்கும் கீழே இறங்கியது. ஓர்பான் மேற்கத்திய முதலீட்டாளர்களுக்குப் பிடிக்காத மொழியில் பேசினார், ஆனால் பத்திரங்களுக்கு உரிய பணத்தைத் தவறாமல் கொடுத்தார். தலைவரின் பேச்சைப் பார்க்காமல் நடத்தையைப் பார்த்ததுதான் இங்கே வென்றது.

உக்ரைனில் என்ன நடந்தது?

இரண்டு வெற்றிகளுக்குப் பிறகு வந்தது உக்ரைன். 2013இல் அந்நாட்டின் கடன் உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 40%தான். வளமான கரிசல் மண், படித்த மக்கள், ஒருபுறம் ஐரோப்பா, மறுபுறம் ரஷ்யா. டெம்பிள்டன் அந்நாட்டின் டாலர் பத்திரங்களைப் பல நூறு கோடி டாலருக்கு வாங்கியிருந்தது.

2013 நவம்பரில் அரசுக்கு எதிரான போராட்டம் தொடங்கியது. 2014 பிப்ரவரியில் அதிபர் யானுகோவிச் நாட்டைவிட்டு ஓடினார். மார்ச்சில் கிரிமியாவை ரஷ்யா இணைத்துக்கொண்டது. கிழக்கில் போர். 2014, 2015 ஆகிய இரண்டு ஆண்டுகளில் பொருளாதாரம் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு சுருங்கியது. ஹாசன்ஸ்டாப் அந்தப் போராட்டம் நடந்த, கீவ் நகரின் மைதான் சதுக்கத்துக்கே போய், நாட்டின் எதிர்காலத்தில் தனக்கு நம்பிக்கை இருக்கிறது என்று காணொளியில் பேசினார். நேரில் போய்ப் பார்ப்பவர் என்ற வகையில் அந்தப் பயணத்தை நான் மதிக்கிறேன். ஆனால் ஒரு நாட்டின்மேல் உள்ள நம்பிக்கையும் அந்த நாட்டின் பத்திரம் முழுதாகத் திரும்பும் என்ற நம்பிக்கையும் வேறு வேறு. மக்கள் துணிச்சலாக எழுந்து நிற்கும் அதே நேரத்தில் கருவூலம் காலியாக இருக்கலாம்.

2015 ஆகஸ்ட் 27இல் உடன்பாடு வந்தது. சுமார் 1,800 கோடி டாலர் கடனில் அசல் 20% குறைக்கப்பட்டது. தவணை நான்கு ஆண்டுகள் தள்ளிப்போனது. பதிலுக்கு வட்டி 7.75% ஆனது. பொருளாதார வளர்ச்சி குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் கூடுதல் பணம் தரும் தனிப் பத்திரங்களும் 2040 வரை வழங்கப்பட்டன. கடன் கொடுத்தோர் தரப்பில் மிகப் பெரிய பங்கு டெம்பிள்டனுடையது. மேசையின் எதிரே நிதியமைச்சர் நத்தாலி யாரெஸ்கோ இருந்தார்.

பெரிய அளவில் வைத்திருப்பதன் இரண்டு முகமும் இங்கே தெரிகிறது. சந்தையில் விற்று வெளியேற முடியாத அளவுக்குப் பெரிது என்பது சிறை. அதே அளவுதான் பேச்சுவார்த்தையில் நல்ல நிபந்தனைகளைப் பெறவும் உதவியது. 20% வெட்டு என்பது அந்தச் சூழலில் மென்மையானது. குறைந்த விலையில் தொடர்ந்து வாங்கியவருக்கு அது பேரழிவாக முடியவில்லை.

அர்ஜென்டினா ஏன் அவ்வளவு பெரிய அடியானது?

இந்தப் பக்கத்தில் மிகக் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி இது.

2015இல் மவுரிசியோ மக்ரி அதிபரானார். 2001இல் கடனை அடைக்க முடியாது என்று கைவிரித்த நாடு, 2016இல் பழைய கடன் கொடுத்தோரோடு சமரசம் செய்து சந்தைக்குத் திரும்பியது. நூறாண்டுப் பத்திரம்கூட 2017இல் வெளியிட்டு, அதையும் வாங்க ஆள் இருந்தார்கள். 2018இல் அந்நாட்டு நாணயமான பெசோ சரியத் தொடங்கியது. மே மாதத்தில் எல்லோரும் ஓடியபோது டெம்பிள்டன் ஒரே ஏலத்தில் 225 கோடி டாலர் அளவுக்குப் பெசோ பத்திரங்களை வாங்கியது. அயர்லாந்து பாணி. பன்னாட்டு நாணய நிதியம் 5,700 கோடி டாலர் வரை கடன் தர முன்வந்தது, அதன் வரலாற்றிலேயே அதுவரை இல்லாத பெரிய தொகை. மத்திய வங்கி வட்டியை 60%க்கு உயர்த்தியது. மேலோட்டமாகப் பார்த்தால் அயர்லாந்தின் எல்லா அடையாளங்களும் இருந்தன: பயந்தோடும் கூட்டம், கொழுத்த யீல்டு, பின்னால் நிற்கும் மீட்பு நிதி, சீர்திருத்தம் பேசும் அரசு.

இல்லாதது ஒன்றே ஒன்று. அந்தத் திட்டம் மக்ரியின் திட்டம், நாட்டின் திட்டம் அல்ல. எதிர்க்கட்சி அதை ஏற்கவில்லை. அடுத்த தேர்தலில் ஆட்சி மாறினால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு அயர்லாந்து 2011 பிப்ரவரியிலேயே பதில் சொல்லிவிட்டது. அர்ஜென்டினாவில் அந்தக் கேள்வி 2019 ஆகஸ்ட் வரை தொங்கிக்கொண்டிருந்தது.

2019 ஆகஸ்ட் 11, ஞாயிற்றுக்கிழமை. அதிபர் தேர்தலுக்கு முந்தைய முதல்கட்ட வாக்கெடுப்பில் ஆல்பர்ட்டோ ஃபெர்னாண்டஸ் சுமார் 15 புள்ளி வித்தியாசத்தில் மக்ரியை முந்தினார். கருத்துக்கணிப்புகள் நெருக்கமான போட்டி என்று சொல்லியிருந்தன. மறுநாள் காலையில் சந்தை திறந்தபோது 45 பெசோவாக இருந்த டாலர் ஒரு கட்டத்தில் 60ஐத் தாண்டியது. பங்குக் குறியீடு டாலர் கணக்கில் 48% விழுந்தது. டெம்பிள்டனின் ஃபண்டுகள் அந்த ஒரே நாளில் சுமார் 180 கோடி டாலர் இழந்ததாகச் செய்திகள் கணக்கிட்டன.

அத்தோடு நிற்கவில்லை. ஆகஸ்ட் இறுதியில் குறுகியகாலக் கடனின் தவணைகளை அரசு தள்ளிவைத்தது. செப்டம்பர் 1இல் டாலர் வாங்கக் கட்டுப்பாடு வந்தது. பெசோ பத்திரம் வைத்திருந்த வெளிநாட்டவருக்கு இது இரட்டைப் பூட்டு. விற்றால் பெசோதான் வரும், அந்தப் பெசோவை டாலராக்கி வெளியே எடுக்க வழி அடைக்கப்பட்டிருந்தது. உக்ரைனில் டாலர் பத்திரம் என்பதால் பேச்சுவார்த்தையாவது இருந்தது. இங்கே உள்நாட்டு நாணயத்தில், உள்நாட்டுச் சட்டத்தின்கீழ் சிக்கிய பணம். அந்த நாணயத்தை அச்சடிப்பவரே கடனாளியும் ஆவார். கடனை முழுதாகக் கொடுத்துவிட்டு அதன் மதிப்பைப் பணவீக்கத்தால் கரைத்துவிட அவரால் முடியும்.

அமெரிக்க வட்டி விகிதத்துக்கு எதிராக அவர் பந்தயம் கட்டியது தவறா?

திசை சரி, காலம் தவறு. 2008க்குப் பிறகு அமெரிக்க மத்திய வங்கி வட்டியைச் செயற்கையாகக் குறைத்து வைத்திருக்கிறது, அது ஒருநாள் ஏறியே தீரும் என்று அவர் பல ஆண்டுகள் நம்பினார். வட்டி ஏறினால் பத்திர விலை இறங்கும். எனவே அமெரிக்க அரசுப் பத்திரங்களின் விலை இறங்கினால் ஃபண்டுக்கு லாபம் வரும்படி நிலைப்பாடு எடுத்திருந்தார்.

2018 அக்டோபர் வாக்கில் பத்தாண்டு யீல்டு 3.2%ஐத் தாண்டியபோது அது பலிப்பதுபோல் இருந்தது. 2019இல் தலைகீழானது. அந்த ஆகஸ்டில் யீல்டு 1.5%க்கு அருகில் இருந்தது. அதே ஆகஸ்டில்தான் அர்ஜென்டினாவும் விழுந்தது என்பதைக் கவனியுங்கள். பொதுவாக, ஆபத்தான நாடு ஒன்று விழும்போது பாதுகாப்பான அமெரிக்கப் பத்திரங்கள் ஏறி ஓரளவு ஈடுகட்டும். அவற்றுக்கு எதிராக நின்றவருக்கு அந்த மெத்தையும் இல்லை. தனித்தனியே நியாயமாகத் தெரிந்த இரண்டு கருத்துகள் ஒரே வாரத்தில் சேர்ந்து அடித்தன. 2020இல் கொரோனா அதிர்ச்சி வந்தபோது அந்த நிலைப்பாடு கைவிடப்பட்டது. யீல்டு உண்மையிலேயே 4%ஐத் தாண்டியது 2022இல்.

ஐந்து நாடுகளில் பிரித்துப் போட்டால் பாதுகாப்புதானே?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 ரூபாயை ஐந்து நாடுகளில் 20, 20ஆகப் போடுகிறீர்கள். ஒவ்வொன்றும் ஆண்டுக்கு 12% தருகிறது. நான்கு நாடுகள் ஒழுங்காகக் கொடுத்தால் வருவது 9.60 ரூபாய். ஐந்தாவது நாட்டில் 60% இழப்பு என்றால் போவது 12 ரூபாய். ஐந்தில் நான்கு முறை சரியாகக் கணித்தும் ஆண்டு முடிவில் 2.40 ரூபாய் நஷ்டம்.

அதே பணத்தைப் பத்து நாடுகளில் 10, 10ஆகப் போட்டிருந்தால், ஒன்பது நாடுகளிலிருந்து 10.80 வரும், ஒன்றில் 6 போகும், 4.80 ரூபாய் லாபம். விழுந்த நாடு இரண்டிலும் ஒன்றுதான், அதில் போட்ட அளவு மட்டுமே மாறியது. பங்கு முதலீட்டில் மிகவும் நம்பும் ஐந்து யோசனைகளில் பெரிதாகப் போடு என்ற அறிவுரை பலிக்கலாம். கடன்பத்திரத்தில் அது ஆபத்தானது, ஏனென்றால் உங்கள் மிகச் சிறந்த யோசனைகூட வட்டியையும் அசலையும் தாண்டி எதையும் தரப்போவதில்லை.

ஹாசன்ஸ்டாப்பின் ஆய்வுமுறையில் எனக்குப் பெரிய குறை தெரியவில்லை. ஒரே நம்பிக்கையில் வைத்த பணத்தின் அளவில்தான் குறை தெரிகிறது. ஃபண்டு 7,000 கோடி டாலராகப் பெருத்தபின் சிறிய சந்தைகளில் நுழைந்தால் கதவையே அடைத்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும். அந்த அளவில் புதிய பணத்தை மறுக்கும் துணிவு எந்த ஃபண்டு நிறுவனத்துக்கும் எளிதில் வருவதில்லை. பின்னாட்களில் பணம் வெளியேறி ஃபண்டு பெருமளவு சுருங்கியது.

இந்தத் துறைக்கு வர விரும்பும் இளைஞர்கள் அவரிடம் எதைக் கற்கலாம்?

சந்தையைப் படிப்பதற்கு முன் நாடுகளைப் படியுங்கள். அரசு எங்கிருந்து வரி வசூலிக்கிறது, யாரிடம் கடன் வாங்கியிருக்கிறது, அந்தக் கடன் எந்த நாணயத்தில் இருக்கிறது, எப்போது தவணை வருகிறது என்பதை ஒரு நாட்டுக்காவது சொந்தமாக எழுதிப் பாருங்கள். வேலைக்குச் சேர்ந்தபின் படிப்புக்காக விலகுவது பின்னடைவு என்று நம் வீடுகளில் பயப்படுகிறார்கள். அவர் அப்படி விலகித் திரும்பியவர்தான். அவருடைய குழுவில் ஆய்வுப் பொறுப்பில் இருந்த சோனல் தேசாய், டெல்லியில் பொருளாதாரம் படித்துவிட்டு அமெரிக்காவில் முனைவர் பட்டம் பெற்றவர். பின்னர் ஃபிராங்க்ளின் டெம்பிள்டனின் கடன்பத்திரப் பிரிவுக்கே தலைமை முதலீட்டு அதிகாரி ஆனார். இந்தத் துறையில் கணிதத்துக்கு இருக்கும் அதே மதிப்பு பொருளாதார வரலாற்று அறிவுக்கும் உண்டு.

இந்தியாவில் 2020இல் மூடப்பட்ட ஃபிராங்க்ளின் திட்டங்களை நடத்தியவர் இவரா?

இல்லை. 2020 ஏப்ரல் 23இல் ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் இந்தியா மூடுவதாக அறிவித்த ஆறு டெட் (கடன்பத்திர) திட்டங்களை இந்தியாவிலிருந்த தனிக் குழு நடத்தியது. நிறுவனத்தின் பெயர் ஒன்று என்பதால் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ஹாசன்ஸ்டாப் வெளிநாட்டு ஃபண்டுகள் மூலம் இந்திய அரசுப் பத்திரங்களை வைத்திருந்தார், அவருக்கும் இந்தியாவுக்கும் உள்ள தொடர்பு அந்த அளவில்தான்.

ஆனாலும் அந்தத் திட்டங்களின் கதை அவருடைய கதையோடு பொருந்துகிறது. மற்றவர்கள் தொடத் தயங்கிய, தரமதிப்பீடு குறைந்த நிறுவனங்களின் பத்திரங்களை அதிக வட்டிக்காக வாங்கியிருந்தார்கள். கொரோனா ஊரடங்கில் முதலீட்டாளர்கள் பணம் கேட்டபோது அந்தப் பத்திரங்களை விற்கச் சந்தையே இல்லை. சுமார் 25,000 கோடி ரூபாய் முடங்கியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், எஸ்பிஐ மியூச்சுவல் ஃபண்டிடம் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டு, 2021 பிப்ரவரி முதல் பணம் தவணையாகத் திரும்பியது. இறுதியில் மூடப்பட்ட நாளின் மதிப்பைவிடக் கூடுதலாகவே கிடைத்தது. பத்திரங்களில் பெரும்பகுதி நல்லவைதான். ஆனால் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கோ அறுவைச் சிகிச்சைக்கோ அந்தப் பணத்தை நம்பியிருந்தவருக்கு, பின்னால் வந்த நூறு சதவீதம் என்ன ஆறுதல்?

என்னிடம் டெட் ஃபண்டு இருக்கிறது. நான் எதைப் பார்க்க வேண்டும்?

ஃபண்டு நிறுவனங்கள் திட்டத்தின் இருப்புப் பட்டியலைத் தங்கள் இணையதளத்தில் வெளியிடுகின்றன. அதில் யாருடைய பத்திரம் எத்தனை சதவீதம் என்று இருக்கும். அரசுப் பத்திரம், மிக உயர்ந்த தரமதிப்பீடான ஏஏஏ பெற்றவை தவிர்த்த மற்றவற்றில் ஒரே குழுமத்துக்கு 5%க்கு மேல் போயிருந்தால் நான் தயங்குவேன். ஒத்த வகை ஃபண்டுகளைவிட உங்கள் ஃபண்டின் யீல்டு 2 சதவீதப் புள்ளி அதிகம் என்றால், அந்த 2 எங்கிருந்து வருகிறது என்று விநியோகஸ்தரிடம் கேளுங்கள். திறமையிலிருந்து என்ற பதிலை ஏற்காதீர்கள், எந்தப் பத்திரத்திலிருந்து என்று பெயர் சொல்லச் சொல்லுங்கள். ஃபண்டின் மொத்தத் தொகை முந்தைய மாதத்தைவிட வேகமாகச் சுருங்குகிறதா என்றும் பாருங்கள். மற்றவர்கள் வெளியேறும்போது நல்ல பத்திரங்கள்தான் முதலில் விற்கப்படும், விற்க முடியாதவை மீதியிருப்பவர் தலையில் சேரும். அடுத்த மூன்று ஆண்டுகளுக்குள் தேவைப்படும் பணத்தை இப்படிப்பட்ட ஃபண்டில் வைக்காமல் வங்கி வைப்புத்தொகையிலோ, மிகக் குறுகியகாலப் பத்திரங்களை மட்டும் வாங்கும் லிக்விட் ஃபண்டிலோ வைத்துக்கொள்ளுங்கள்.